'அம்பை 16' ஏன் இரண்டு தடவை வருகிறது? கடைசி ஸ்பேஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிப் பராமரித்து வருகிறேன். அம்பை 16 என்பது அங்கே வரும் ஒரு நெல் ரகம். களத்தில் எடை போடும் பையன்கள் போனில் பதிவார்கள். போனுக்குள் இருப்பது எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ். சாயங்காலம் சிக்னல் கிடைத்ததும் எல்லாப் பதிவும் அலுவலகத்தில் இருக்கும் மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு வந்து சேரும். பிசானப் பருவ அறுவடை மும்முரமாக நடந்த ஒரு நாள் மண்டி அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தம்பி, போன்ல அம்பை 16 ரெண்டு வாட்டி வருது. ஒண்ணுல 412 மூட்டை, இன்னொண்ணுல 38. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தா ஒரே வரி, 450. எதப் பாத்து நான் வியாபாரிக்குப் பதில் சொல்ல?"

"மூட்டை எதுவும் குறையல அண்ணாச்சி. சில பதிவுல பேருக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிருதேன்" என்றேன்.

ஸ்பேஸ் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. போன் கீபோர்டில் பாதிச் சொல் தட்டியதும் மேலே வரும் பரிந்துரையைத் தொட்டால், சொல்லோடு ஒரு ஸ்பேஸையும் சேர்த்தே போட்டுவிடும். கையால் முழுக்கத் தட்டிய பையனுக்கு 'அம்பை 16'. பரிந்துரையைத் தொட்ட பையனுக்கு 'அம்பை 16', அதன் வாலில் ஒரு ஸ்பேஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

போனில் இரண்டு வரி, அலுவலகத்தில் ஒரே வரி. இரண்டில் எது தப்பு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இரண்டுமே அதனதன் விதிப்படி சரி. இதை மனதில் வாங்கிக்கொள்ளாமல், ஓரத்து ஸ்பேஸை வெட்டும் டிரிம் கட்டளையைப் போட ஆரம்பித்தால், கீழே வரும் குழிகளில் ஒவ்வொன்றாக விழ வேண்டியிருக்கும். அதனால் விதியை முதலில் பார்த்துவிடுவோம்.

எந்த டேட்டாபேஸ் எப்படி ஒப்பிடுகிறது

டேட்டாபேஸ்களோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் 1992-ஆம் ஆண்டுத் தரநிலை இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று பேட் ஸ்பேஸ்: நீளம் வேறான இரண்டு சொற்களை ஒப்பிடும்போது, குட்டையான சொல்லின் பின்னால் ஸ்பேஸ் சேர்த்து நீளத்தைச் சமமாக்கிவிட்டு அப்புறம் ஒப்பிடுவது. குட்டைப் பாயின் ஓரத்தில் வெறுங்கோரை வைத்து நீட்டிவிட்டு, இரண்டு பாயையும் ஒன்றன்மேல் ஒன்று விரித்துப் பார்ப்பது போல. இப்படிப் பார்த்தால் கடைசி ஸ்பேஸுக்கு மதிப்பே இல்லை. இன்னொன்று நோ பேட்: இருப்பதை இருக்கிறபடியே ஒப்பிடுவது. ஒரு ஸ்பேஸ் கூடினாலும் வேறு சொல்தான்.

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இத்தனை எழுத்து என்று நிலையான அகலம் ஒதுக்கி, மிச்சத்தை ஸ்பேஸால் நிரப்பி வைத்த காலத்தில் பேட் ஸ்பேஸ் மிகவும் நியாயமான விதி. 10 எழுத்து அகலமுள்ள பெட்டியில் 4 எழுத்துச் சொல்லை வைத்தவனுக்கு, அந்த 6 ஸ்பேஸும் தன் தரவு அல்ல என்று தெரியும்.

எஸ்கியூஎல் சர்வர் சமக்குறி ஒப்பீட்டில் எப்போதும் பேட் ஸ்பேஸ் வழிதான். மைஎஸ்கியூஎல்லில் அது கொலேஷனை, அதாவது எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது என்ற விதித் தொகுப்பைப் பொறுத்தது. யூடிஎஃப்8எம்பி4 ஜெனரல் சிஐ, யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ போன்ற பழைய கொலேஷன்கள் எல்லாம் பேட் ஸ்பேஸ். 8.0 பதிப்பில் இயல்பாக வரும், பெயரில் 0900 என்று இருக்கும் கொலேஷன்கள் நோ பேட். போஸ்ட்கிரெஸ்ஸில் ஃபீல்டின் வகை முடிவு செய்கிறது: நீளம் மாறக்கூடிய டெக்ஸ்ட், வார்கேர் என்றால் கடைசி ஸ்பேஸுக்கு மதிப்பு உண்டு, நிலையான அகலமுள்ள கேர் என்றால் இல்லை. ஆரக்கிளில் ஒப்பிடும் இரண்டு பக்கமும் கேர் வகையாக இருந்தால்தான் ஸ்பேஸ் சேர்த்துப் பார்க்கும். ஒரு பக்கம் வார்கேர்2 வந்துவிட்டால் இருக்கிறபடியே. எஸ்கியூலைட் இயல்பாகவே பைட் பைட்டாக ஒப்பிடும். ஆர்டிரிம் என்ற கொலேஷனை நாமே கேட்டு வாங்கினால்தான் கடைசி ஸ்பேஸை விட்டுக்கொடுக்கும்.

அண்ணாச்சியின் கணக்கு இப்போது புரிந்திருக்கும். போனில் எஸ்கியூலைட், அதனால் இரண்டு. அலுவலகத்தில் பழைய கொலேஷன், அதனால் ஒன்று.

எதையும் தொடும் முன் அளந்து பாருங்கள்

கண்ணை நம்பக் கூடாது. உலாவியில் பார்த்தால் இன்னும் மோசம்: வலைப்பக்கம் அடுத்தடுத்த ஸ்பேஸைச் சுருக்கியும் ஓரத்து ஸ்பேஸை விழுங்கியும்தான் காட்டும். சந்தேகப்படும் ஃபீல்டை இரண்டு விதமாக அளக்க வேண்டும், எத்தனை எழுத்து, எத்தனை பைட் என்று. மைஎஸ்கியூஎல்லில் கேர் லெங்த் எழுத்தைச் சொல்லும், வெறும் லெங்த் பைட்டைச் சொல்லும். போஸ்ட்கிரெஸ்ஸில் வெறும் லெங்த் எழுத்தைச் சொல்லும், பைட்டுக்கு ஆக்டெட் லெங்த். ஒரே பெயர், இரண்டு இடத்தில் இரண்டு பொருள். இதில் குழம்பி அரை நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், சாதா ஸ்பேஸும் எண்ணும் 1 பைட். 'அம்பை 16' என்பதை எண்ணுவோம். அ, ம, புள்ளி, ப, ஐகாரக் குறி, ஸ்பேஸ், 1, 6. மொத்தம் 8. அதில் தமிழ் 5, அது 15 பைட். மீதி 3 பைட். ஆக 18. இனி அளவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்:

9 எழுத்து, 19 பைட் என்றால் பின்னாலோ முன்னாலோ ஒரு சாதா ஸ்பேஸ் இருக்கிறது, அல்லது டாப், அல்லது வரிமுடிவுக் குறி.
9 எழுத்து, 20 பைட் என்றால் உடையா ஸ்பேஸ். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் ஒட்டிக்கொண்டு வருவது. யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் தருகிறது, இதன் எண் 160.
9 எழுத்து, 21 பைட் என்றால் அகலமே இல்லாத குறி ஏதோ ஒன்று.
8 எழுத்து, 19 பைட் என்றால் வாலில் ஒன்றும் இல்லை. நடுவில், அம்பைக்கும் 16-க்கும் இடையே இருக்கும் ஸ்பேஸ்தான் சாதா ஸ்பேஸ் அல்ல, உடையா ஸ்பேஸ்.

கடைசி வகையை நான் பார்க்க நேர்ந்தபோது எழுத்து எண்ணிக்கையை மட்டும் அளந்துவிட்டு, இரண்டும் 8, சரியாகத்தானே இருக்கிறது என்று வெகுநேரம் தேடினேன். இரண்டு அளவையும் சேர்த்து எடுத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

எஸ்கியூஎல் சர்வர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே லென் கடைசி ஸ்பேஸை எண்ணாது. அதை நம்பினால் இரண்டும் 8 என்றே வரும். டேட்டாலெங்த் போடுங்கள். என்வார்கேர் ஃபீல்டில் தமிழானாலும் ஸ்பேஸானாலும் தலைக்கு 2 பைட், ஆகவே 16-ம் 18-மாக வரும். உடையா ஸ்பேஸும் அங்கே 2 பைட்தான் என்பதால் பைட்டை வைத்துப் பிரிக்க முடியாது. கடைசி எழுத்தை எடுத்து யூனிகோட் எண்ணைக் கேட்டால் 32-ஆ 160-ஆ என்று சொல்லிவிடும்.

அறிகுறி: ரெக்கார்டு கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

டேபிளைத் திறந்தால் 'பத்தமடை' இருக்கிறது. ஊர் 'பத்தமடை' என்று சமக்குறி போட்டுக் கேட்டால் ஒன்றும் வரவில்லை. இப்படியானால் உங்கள் டேட்டாபேஸ் நோ பேட் வழியில் நடக்கிறது, ஃபீல்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அளந்தால் 7-க்குப் பதில் 8 வரும்.

நேற்று வரை கிடைத்தது, இன்று கிடைக்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நடுவில் சர்வர் மாறியதா என்பது. மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8.0-க்குப் போனவர்களிடம் இதை நிறையக் காணலாம். பழைய டேபிளை அப்படியே மேம்படுத்தினால் பழைய கொலேஷனோடுதான் இருக்கும், தொந்தரவு இல்லை. ஆனால் புது சர்வரில் டேபிளைப் புதிதாக உருவாக்கி, அதில் தரவை மட்டும் ஏற்றினால், புது டேபிளுக்கு 0900 கொலேஷன் வந்துவிடும். அன்றிலிருந்து கடைசி ஸ்பேஸுக்கு மதிப்பு வந்துவிடும். பத்து வருஷமாக யாருக்கும் தெரியாமல் உள்ளே கிடந்த ஸ்பேஸ் எல்லாம் ஒரே நாளில் வெளியே வரும். மண்டியிலும் பின்னால் இதுதான் நடந்தது: சர்வர் மாற்றிய மறுநாள் அலுவலகத்திலும் அம்பை 16 இரண்டானது.

எந்த கொலேஷன் எந்த வழி என்று ஊகிக்க வேண்டாம். 8.0-இல் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவுக்குள் கொலேஷன்ஸ் என்ற டேபிள் இருக்கிறது. அதில் பேட் ஆட்ரிபியூட் என்ற ஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் தெளிவாகச் சொல்லும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியில் நோ பேட் வேண்டுமானால் பெயரிலேயே நோபேட் என்று இருக்கும் கொலேஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வசதி 10.2 பதிப்பிலிருந்து உண்டு.

பழைய டேபிளும் புது டேபிளும் கலந்து கிடந்தால், இரண்டையும் இணைக்கும் ஜாயின் போடும்போது 1267 என்ற எண்ணோடு கொலேஷன் கலப்புப் பிழை வரும். அது கெட்டது மாதிரித் தெரிந்தாலும் நல்ல அறிகுறி. இரண்டு டேபிளும் ஒரே விதியில் இல்லை என்பதை நமக்கு முன்கூட்டியே சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே கொலேஷனுக்குக் கொண்டு வாருங்கள்.

அறிகுறி: ஸ்பேஸ் ஒட்டிய வரிகளைத் தேடினால் பூஜ்யம் வருகிறது, ஆனால் ஸ்பேஸ் இருப்பது நிச்சயம்

இந்தப் பிரச்சினையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

யாராக இருந்தாலும் டேட்டாபேஸிடம் முதலில் எழுதிக் கேட்கும் கேள்வி, அதாவது குவெரி, இது: பெயரும், டிரிம் செய்த பெயரும் சமமில்லாத வரிகளைக் காட்டு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பேட் ஸ்பேஸ் விதியில் ஓடும் டேட்டாபேஸில், 'அம்பை 16' என்பதும் ஸ்பேஸ் ஒட்டிய 'அம்பை 16' என்பதும் சமம். அப்படியிருக்க, கடைசியில் ஸ்பேஸ் உள்ள பெயரும் அது நீங்கிய பெயரும் சமமில்லாமல் எப்படிப் போகும்? குவெரி பூஜ்யம் என்று சொல்லும். நாம் தரவு சுத்தம் என்று நம்பிவிடுவோம். எந்த விதி அழுக்கை மறைத்ததோ, அதே விதியைக் கொண்டு அழுக்கைத் தேடினால் கிடைக்காது.

இன்னும் மோசம், சுத்தம் செய்யும் கட்டளையிலும் இதே நிபந்தனையைப் போட்டுவிடுவது. 0 வரி மாற்றப்பட்டது என்று வரும், முடிந்தது என்று மூடிவிட்டுப் போய்விடுவோம். அதற்கும் மேலே, இனி ஸ்பேஸ் வராமல் தடுக்க, பெயர் டிரிம் செய்த பெயருக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று டேபிளில் ஒரு செக் விதி வைப்பவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸின் டெக்ஸ்ட் ஃபீல்டில் அது சரியாக வேலை செய்யும். பேட் ஸ்பேஸில் அந்த விதி கடைசி ஸ்பேஸை ஒருநாளும் தடுக்காது. வாசலில் காவலுக்கு ஆள் நிற்கிறான், வருகிற எல்லோரையும் உள்ளே விடுகிறான் என்றால் எப்படியோ அப்படி.

சரியான வழி நீளத்தை ஒப்பிடுவது. மைஎஸ்கியூஎல்லில் பெயரின் கேர் லெங்த்தும், டிரிம் செய்த பெயரின் கேர் லெங்த்தும் வேறாக இருக்கும் வரிகளைக் கேளுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் டேட்டாலெங்த்தை வைத்து அதையே கேளுங்கள், லென் வேண்டாம். எண்களை ஒப்பிடும்போது பேட் ஸ்பேஸ் குறுக்கே வர முடியாது.

மைஎஸ்கியூஎல்லில் இன்னொரு சுருக்கு வழி உண்டு. லைக் என்பது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், ஸ்பேஸ் சேர்க்காது. ஆகவே 'அம்பை 16' என்பதற்குச் சமமாகவும், 'அம்பை 16' என்ற லைக்குக்குப் பொருந்தாமலும் இருக்கும் வரிகளைக் கேட்டால், ஸ்பேஸ் ஒட்டிய அந்த 38 மூட்டைப் பதிவுகள் மட்டும் வந்து நிற்கும். ஒரே குவெரியில் இரண்டு விதியையும் மோதவிட்டுப் பார்ப்பது.

எஸ்கியூஎல் சர்வரில் இந்த வழியை அப்படியே கொண்டு போகாதீர்கள். அங்கே லைக்கின் வடிவத்தில் நாம் தரும் ஸ்பேஸுக்கு மதிப்பு உண்டு. ஃபீல்டில் இருக்கும் கடைசி ஸ்பேஸுக்கு மதிப்பு இருக்கிறதா என்பது வார்கேரா என்வார்கேரா என்பதைப் பொறுத்து மாறும். அங்கே டேட்டாலெங்த்தே பத்திரம்.

அறிகுறி: டிரிம் போட்டாயிற்று, இன்னும் சேரவில்லை

டிரிம் என்றால் ஓரத்தில் உள்ள வெற்றிடம் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறோம். டேட்டாபேஸ்களின் டிரிம் இயல்பாக நீக்குவது 32 என்ற எண்ணுள்ள சாதா ஸ்பேஸை மட்டுமே. டாப் போகாது, வரிமுடிவு போகாது, உடையா ஸ்பேஸ் போகாது. எக்செலின் டிரிமும் அப்படித்தான்.

கடைசி எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, அது என்ன எண் என்று கேளுங்கள். ரைட் என்று ஒரு எழுத்தை எடுத்து ஆஸ்கி என்ற செயல்கூற்றில் (ஃபங்ஷனில்) கொடுத்தால் போதும். 32 வந்தால் ஸ்பேஸ், 9 வந்தால் டாப், 10 அல்லது 13 வந்தால் வரிமுடிவு. மைஎஸ்கியூஎல்லின் ஆஸ்கி முதல் பைட்டை மட்டும் சொல்வதால், உடையா ஸ்பேஸுக்கு 194 என்றும், எந்தத் தமிழ் எழுத்துக்கும் 224 என்றும் வரும். போஸ்ட்கிரெஸ் முழு யூனிகோட் எண்ணையே சொல்லும்: உடையா ஸ்பேஸுக்கு 160, ஐகாரக் குறிக்கு 3016.

13 வந்தால், கமா போட்டுப் பிரித்த சிஎஸ்வி கோப்பை ஏற்றும்போது வந்த கோளாறு. விண்டோஸில் ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு குறிகளோடு முடியும். ஏற்றும் கட்டளையில் வரிமுடிவு 10 மட்டும் என்று சொல்லியிருந்தால், 13 மிச்சமாகி வரியின் கடைசி ஃபீல்டில் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம், கோப்பின் கடைசி ஃபீல்டு மட்டும் எதோடும் சேராது, மற்றவை எல்லாம் ஒழுங்காக இருக்கும். கறுப்புத் திரையில் மைஎஸ்கியூஎல் குவெரி போட்டால் அந்த வரியில் கட்டத்தின் வலதுபக்கக் கோடு வரி ஆரம்பத்துக்கு ஓடிவந்து முதல் எழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். 13 என்பது எழுதுமுனையை வரியின் தொடக்கத்துக்கு இழுத்து வரும் குறி என்பதால் அப்படி. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. ஒவ்வொரு வரியாகத் துடைப்பதைவிட, வரிமுடிவைச் சரியாகச் சொல்லி மறுபடி ஏற்றிவிடுங்கள்.

160 வந்தால் அதை ரீப்ளேஸ் கொண்டு சாதா ஸ்பேஸாக மாற்றிவிட்டு, அப்புறம் டிரிம் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். எக்செலில் செய்வதானால் சப்ஸ்டிட்யூட்டில் கேர் 160-ஐக் கொடுத்துவிட்டு அதன் மேல் டிரிம்.

அகலமில்லாக் குறிகளில் தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். 8203 என்பதைத் தயங்காமல் நீக்கலாம். 8204 என்பது சில தமிழ் கீபோர்டுகள் போடும் இணையாக் குறி. 'க்ஷ' ஒன்றாகச் சேராமல் க் தனி, ஷ தனி என்று நிற்க வேண்டிய இடத்தில் அது வேண்டுமென்றே வைக்கப்படுவது. சொல்லின் வாலில் இருந்தால் எடுத்துவிடுங்கள், நடுவில் இருந்தால் என்ன சொல் என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இனி, ஸ்பேஸே இல்லாமல் ஸ்பேஸ் மாதிரி நடிக்கும் ஒன்று. திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொக்கிரகுளம்' 12 குறி, 36 பைட். ஆனால் அதே பெயர் சில பதிவில் 13 குறி வரும். கடைசி எழுத்தைக் கேட்டால் புள்ளிதான், ஸ்பேஸ் இல்லை. என்ன நடந்தது? 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியாக, 3018 என்ற எண்ணில் இருக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு துண்டாக இருக்கலாம். திரையில் துளி வித்தியாசம் இருக்காது. யூனிகோட் இரண்டையும் ஒன்றுக்கொன்று நிகர் என்றே சொல்கிறது, ஆனால் பைட்டை ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு அது தெரியாது. பைட் எண்ணிக்கையைப் பாருங்கள்: 39. ஸ்பேஸாக இருந்தால் 37 வந்திருக்கும். ஒரு குறி கூடி 3 பைட்டும் கூடினால், டிரிம்மை விட்டுவிட்டு யூனிகோட் ஒழுங்கமைப்பை நாடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற செயல்கூறு உள்ளேயே இருக்கிறது. மற்றவற்றில் பைத்தான் போன்ற நிரலில், இரண்டு துண்டை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே அனுப்புவது நல்லது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தமிழில் வைத்திருக்கும் எவரும் இதை ஒரு தடவையாவது செய்து பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் மொழியில் பெயர் வைத்ததற்காக ஒருவருடைய ரெக்கார்டு தேடலில் விழாமல் போகக் கூடாது.

அறிகுறி: ஏற்கெனவே இருக்கிறது என்கிறான், ஆனால் இல்லையே

புதுப் பெயரைச் சேர்த்தால் யுனீக் பிழை, அதாவது ஒரே பெயர் இரண்டு தடவை வரக் கூடாது என்ற விதியின் பிழை, வருகிறது. மைஎஸ்கியூஎல்லில் 1062, எஸ்கியூஎல் சர்வரில் 2627 அல்லது 2601. உள்ளே இருக்கும் பெயருக்கு வாலில் ஸ்பேஸ் இருக்கும், பேட் ஸ்பேஸ் விதியில் இரண்டும் ஒன்று என்பதால் தடுக்கிறது. பழைய வரியைத் திருத்திவிட்டால் முடிந்தது.

இதே விதியில் வெற்றுச் சொல்லும் வெறும் ஸ்பேஸும் சமம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரக்கிளில் கதையே வேறு. அங்கே வெற்றுச் சொல் என்பதே நல் (null), அதாவது மதிப்பே இல்லை என்ற நிலைதான். வெறும் ஸ்பேஸை டிரிம் செய்தால் நல் ஆகிவிடும், சமக்குறி ஒப்பீட்டில் அது எதோடும் சேராது.

அறிகுறி: கேர் வகை ஃபீல்டு, கையால் எழுதிய குவெரியில் கிடைக்கிறது, நிரலிலிருந்து கிடைக்கவில்லை

இது ஆரக்கிள்காரர்களின் நிரந்தரத் தலைவலி. ஊர்க் குறியீடு 10 எழுத்து கேர் வகை, உள்ளே 5 எழுத்துக் குறியீடும் 5 ஸ்பேஸும். மேற்கோளுக்குள் குறியீட்டை எழுதிக் கேட்டால், அந்த மேற்கோள் சொல்லும் கேர் வகை என்பதால் ஸ்பேஸ் சேர்த்து ஒப்பிட்டு வரியைத் தந்துவிடும். அதையே ஜாவா நிரலிலிருந்து மாறியாக (வேரியபிளாக) அனுப்பினால் அது வார்கேர்2-ஆகப் போகும், ஸ்பேஸ் சேர்க்காது, ஒன்றும் கிடைக்காது. உடனடி மருந்து, அனுப்பும் முன் 10 எழுத்துக்கு ஸ்பேஸ் நிரப்பி அனுப்புவது. நிரந்தர மருந்து, ஃபீல்டை வார்கேர்2-ஆக மாற்றுவது. மாற்றிய பிறகு, வால் ஸ்பேஸை மட்டும் வெட்டும் ஆர்டிரிம் போட மறக்காதீர்கள், நிரப்பிய ஸ்பேஸ் தானாகப் போகாது. போஸ்ட்கிரெஸ்ஸில் கேரை டெக்ஸ்டாக மாற்றினால் அது தானாகவே போய்விடும்.

இன்று புதிதாக டேபிள் போடுபவர்களுக்கு, நீளம் உண்மையிலேயே மாறாத குறியீடு தவிர எதற்கும் கேர் வகை வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

அறிகுறி: டேட்டாபேஸ் சேர்க்கிறது, நிரல் சேர்க்க மறுக்கிறது

விவசாயி டேபிளில் குறியீடு சுத்தமாக இருக்கிறது, எடை டேபிளில் அதே குறியீடு ஸ்பேஸோடு இருக்கிறது. ஒரு டேபிளின் குறியீடு மற்றதிலும் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ, பேட் ஸ்பேஸில் இதை அனுமதிக்கும், ஜாயினும் சேர்த்துவிடும். ஆனால் இரண்டு டேபிளையும் தனித்தனியாக எடுத்து நிரலுக்குள் அகராதி வைத்துச் சேர்த்தால், பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் அவை இரண்டு வேறு சொற்கள். எடை வரிகள் ஆளில்லாமல் நிற்கும். பின்னால் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறினால் ஃபாரின் கீ அமைக்கும்போதே பிழை வந்து நிற்கும். இரண்டு டேபிளையும் மூலத்தில் சுத்தம் செய்வது ஒன்றே வழி.

நிரல் மொழிகளின் டிரிம்மும் ஒன்று போல இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் டிரிம்மும் பைத்தானின் ஸ்டிரிப்பும் உடையா ஸ்பேஸையும் நீக்கும். ஜாவாவின் டிரிம் நீக்காது.

சுத்தம் செய்யும் நாள்

முதலில் நகல் எடுங்கள். அடுத்து, சுத்தம் செய்த பிறகு ஒன்றோடு ஒன்று மோதப்போகும் பெயர்களைப் பட்டியலிடுங்கள்: டிரிம் செய்த பெயரை வைத்துக் குரூப் செய்து, ஒன்றுக்கு மேல் வருபவை. யுனீக் விதி உள்ள நோ பேட் டேபிளில் இதைச் செய்யாமல் இறங்கினால் பாதி வழியில் பிழை வந்து நிற்கும். மோதும் இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, துணை டேபிள்களின் குறியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு, மற்றதை நீக்குங்கள். இந்த முடிவைக் கணினிக்காரன் தனியாக எடுக்கக் கூடாது. மண்டியில் ஒரே பெயரில், ஒரே ஊரில் இரண்டு விவசாயிகள் உண்மையாகவே இருந்தார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டியது தற்செயலாக ஒட்டிய ஒரு ஸ்பேஸ்தான். அண்ணாச்சி சொல்லியிராவிட்டால் ஒருவருடைய நெல்லை இன்னொருவர் கணக்கில் ஏற்றியிருப்பேன். அவர்களுக்கு வயலின் பெயரையும் சேர்த்து வைத்தோம்.

குவெரியில் ஒவ்வொரு தடவையும் டிரிம் போட்டு ஒப்பிட்டுச் சமாளிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஃபீல்டைச் செயல்கூற்றுக்குள் வைத்தால் தேடலை வேகமாக்க அதன் மேல் இருக்கும் இண்டெக்ஸ் பயன்படாது. ஆயிரம் வரியில் தெரியாது, பத்து லட்சம் வரியில் தெரியும். தவிர்க்கவே முடியாவிட்டால் டிரிம் செய்த வடிவத்துக்கே ஒரு இண்டெக்ஸ் போடுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸிலும், மைஎஸ்கியூஎல் 8.0.13 முதலும் அந்த வசதி இருக்கிறது.

கடைசியாக வாசலை அடைக்க வேண்டும். சேமிக்கும் முன் நிரலில் டிரிம். அதைத் தாண்டி வருவதற்கு டேபிளில் நீளத்தை ஒப்பிடும் செக் விதி. மைஎஸ்கியூஎல்லில் 8.0.16-க்கு முன் செக் விதியை எழுதினால் ஏற்றுக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அங்கே ஒவ்வொரு பதிவின்போதும் தானாக ஓடும் டிரிகர்தான் வழி. விதியை வைத்ததும் வாலில் ஸ்பேஸ் ஒட்டிய ஒரு பெயரை நீங்களே உள்ளே அனுப்பிப் பார்த்து, மறுக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மண்டியில் நெல் ரகத்தைத் தட்டுவதையே நிறுத்திவிட்டோம். அம்பை 16, அம்பை 18 என்று பட்டியல் வரும், பையன்கள் தொட்டால் போதும். பருவமும் அப்படியே, கார் அல்லது பிசானம். ஊர்ப் பெயரை மட்டும் இன்னும் கையால்தான் தட்டுகிறார்கள். சேரன்மகாதேவி, சேரன்மாதேவி, சேர்மாதேவி என்று மூன்று விதமாக வந்துகொண்டிருக்கிறது. அதை எந்த டிரிம்மும் தீர்க்காது. அதற்கும் ஒரு ஊர்ப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது, கார் அறுவடைக்குள் போனில் ஏற்றிவிடுவேன்.